முதல் பக்கம் இல்லாத பத்திரம்

கல்யாணம் ஆயிரம் காலத்துப் பயிர் என்பார்கள். இருக்கட்டும், எந்தப் பயிருக்கும் அறுவடை என்று ஒன்று உண்டல்லவா? இருபத்தோரு வருஷமாக அந்த அறுவடைக்குப் பேர்போனவள் நம் வக்கீலம்மா. கோர்ட்டில் அவளுக்குக் கத்திரி என்று பெயர். முதுகுக்குப் பின்னால் வைத்த பெயர்தான். ஆனால் அது காதுக்கு வந்து, பிடித்தும் போய், பிறந்தநாளுக்கு யாரோ கொடுத்த நிஜக் கத்திரிக்கோலை மேஜை மேலேயே வைத்துக்கொண்டாள். அவள் கோர்ட் வராந்தாவில் நடந்து வந்தால், சண்டை போட்டுக்கொண்டிருக்கும் புருஷன் பெண்டாட்டிகூடப் பயந்துபோய்ச் சட்டென்று கையைக் கோத்துக்கொள்வார்கள் என்று கோர்ட் குமாஸ்தா சொல்வார். அவர் சொல்வதில் பாதிதான் பொய்.

வீட்டையும் காரையும் பிரித்துக் கொடுக்க எந்த வக்கீலாலும் முடியும். கத்திரியின் கெட்டிக்காரத்தனம் வேறு. ஒரு தம்பதி எல்லாவற்றையும் சமாதானமாகப் பிரித்துக்கொண்டு, கடைசியில் ஒரு ஜிக்சா புதிர்ப் பெட்டியில் வந்து முட்டிக்கொண்டார்கள். ஆயிரம் துண்டு, துறைமுகப் படம். அந்தப் பெட்டிக்காக மூன்று மாதம் வழக்கு நகரவில்லை. கத்திரி ஒரு சனிக்கிழமை இரண்டு பேரையும் உட்காரவைத்துத் தீர்த்துவைத்தாள். வானம் அவளுக்கு, கடல் அவனுக்கு, அடிவானம் மட்டும் வாரம் விட்டு வாரம். இரண்டு பேரும் கண் கலங்கக் கை குலுக்கிவிட்டுப் போனார்கள். எதிர்த்தரப்பு வக்கீல் அந்தத் தீர்வை நகலெடுத்துத் தன் ஆபீஸ் சுவரில் மாட்டிக்கொண்டார்.

இப்படிப்பட்டவளை யார் விடுவார்கள்? எழுபத்தெட்டு வயதில் ஓய்வெடுக்கத் தீர்மானித்த சீனியர், தன் அறை, தன் மேஜை, வாசல் பலகையில் முதல் பெயர் எல்லாம் அவளுக்கே என்று சொல்லிவிட்டார். பதில் சொல்ல வெள்ளிக்கிழமை சாயங்காலம் ஐந்து மணி வரை நேரம். அந்த ஆபீஸில் மற்ற வக்கீல்கள் அந்த அறைக்காகத் தலைகீழாக நின்று தண்ணீர் குடிக்கவும் தயாராயிருந்தார்கள். அவளுக்கோ அன்று ராத்திரி சாப்பாடு இறங்கவில்லை.

காரணம் போன வருஷத்துக் கல்யாணம் ஒன்று. கொழுந்தனார் மகளின் கல்யாணத்தில் பெரியம்மா என்ற முறையில் இரண்டு வார்த்தை வாழ்த்திப் பேசச் சொன்னார்கள். எழுந்து நின்றாள். மனசு நிறைய அன்பு இருந்தது, அதில் சந்தேகமே இல்லை. ஆனால் வாயைத் திறந்ததும் வந்தது இதுதான்: "இன்னிக்கு வந்த பரிசுப்பொருள் எல்லாம் எந்தப் பக்கத்து உறவு கொடுத்ததுன்னு இப்பவே ஒரு நோட்டுல குறிச்சு வச்சுக்குங்க." மண்டபமே கப்சிப். மாப்பிள்ளையின் அம்மா தண்ணீர் கேட்டாள். அன்றிலிருந்து குடும்ப விசேஷங்களில் வக்கீலம்மா கையில் மைக் படாமல் பார்த்துக்கொள்வதற்கென்றே ஒரு மச்சினனை நியமித்திருக்கிறார்கள். அவனும் அந்தப் பொறுப்பை உயிரைக் கொடுத்து நிறைவேற்றி வருகிறான்.

எல்லோரும் சிரித்து மறந்துவிட்டார்கள். அவள் மறக்கவில்லை. வீட்டுக்குப் புது ஃபிரிட்ஜ் வந்தபோது முதல் கேள்வியாக பில் யார் பேரில் என்று கேட்டுவிட்டு, தானே நாக்கைக் கடித்துக்கொண்டாள். இனி பிரித்தது போதும், சேர்த்துவைக்கிற வேலை ஏதாவது செய்ய வேண்டும் என்று தோன்றியது. சட்டத்தில் அதற்கும் இடம் இருக்கிறது. இரண்டு பேர் சேர்ந்து கடை வைக்கிறார்கள், பட்டறை போடுகிறார்கள், அவர்களுக்குக் கூட்டுத்தொழில் பத்திரம் எழுதிக் கொடுக்க ஒரு ஆள் வேண்டும். எட்டு மாதம் மாலை வகுப்புக்குப் போய்ப் படித்தாள். வகுப்பில் மற்றவர்கள் எல்லாரும் அவள் செருப்பைவிட வயதில் சின்னவர்கள். பரீட்சையில் அவள்தான் முதலாவது. ஆனால் சீனியரின் ஆபீஸில் அந்த வேலைக்கு இடமில்லை. அங்கே நுழைகிறவர்கள் இரண்டு பேராக வருவார்கள், தனித்தனியாகத்தான் போவார்கள். செய்தால் தனியாகத்தான் ஆபீஸ் போட வேண்டும், நாற்பத்தொன்பது வயதில், தெரியாத தொழிலில், போன் எடுக்க ஆளில்லாமல்.

இதைச் சீனியரிடமே மறைக்காமல் சொன்னாள். அவர் விழுந்து விழுந்து சிரித்தார். ஒரு வாரம் லீவு எடுத்துக்கொண்டு ஆசை தீரச் செய்து பார், ஜலதோஷம் மாதிரி வந்துவிட்டுப் போய்விடும் என்றார். அவள் வீட்டுக்காரரிடம் கேட்டபோது அவர் பிடி கொடுக்கவில்லை. அவர் லிஃப்ட் மெக்கானிக். மேலே போனாலும் சரி, கீழே போனாலும் சரி, நடுவில் மட்டும் நிற்காதே என்பதோடு தன் ஆலோசனையை முடித்துக்கொண்டு தூங்கப் போய்விட்டார்.

ஆக, ஒரு வாரம். சாவிக்கடை ஒன்றின் மாடியில் ஒரு அறை காலியாக இருந்தது. ஒரு மேஜை, இரண்டு நாற்காலி, ஒரு ஜன்னல். கீழே சாவி ராவும் மெஷின் போடும் சத்தத்தில் மாடியிலிருக்கிறவர்களின் பல்லெல்லாம் தானாகவே ஆடும். சாவிக்கடைக்காரர் நல்ல மனிதர். அவர் முகத்தைப் பார்த்தாலே பூட்டுகள் பயந்து திறந்துகொள்ளும் என்று அவரே சொல்வார். வெள்ளிக்கிழமை வரை சும்மா இருந்து பாருங்கள், அதற்குப் பிறகு மூக்குக்கண்ணாடிக் கடைக்காரர் ஒருவர் இந்த அறையைக் கேட்கிறார் என்று சாவியைக் கையில் கொடுத்தார்.

முதல் கட்சிக்காரர்களைப் பிடித்துக் கொடுத்தது வீட்டுக்காரர்தான். ஒரு அடுக்குமாடிக் கட்டடத்தில் நாற்பது நிமிஷம் லிஃப்ட் நின்றுபோய், உள்ளே இரண்டு பெண்கள் நான்கு மூட்டை மைதாவோடு மாட்டிக்கொண்டார்கள். கதவைத் திறக்கும்வரை அவர்கள் பயப்படக் கூடாதே என்று இவர் வெளியிலிருந்து பேச்சுக் கொடுத்தார். திறக்கும்போது அவர்கள் சேர்ந்து ரொட்டிக்கடை வைக்கப் போகிற கதை முழுக்க இவருக்குத் தெரியும், இவர் பெண்டாட்டி பத்திரம் எழுதுகிற கதை முழுக்க அவர்களுக்குத் தெரியும்.

இரண்டு பேரும் யார் என்கிறீர்கள்? அண்ணியும் நாத்தனாரும். சொன்னால் நம்ப மாட்டீர்கள், பன்னிரண்டு வருஷம் ஒரே வீட்டில், ஒரே குளியலறையை வைத்துக்கொண்டு, ஒரு சின்னச் சண்டைகூடப் போட்டதில்லை. அண்ணி பருமன், பேச்சு கம்மி, கை ஓயாது. நாத்தனார் ஒல்லி, கை கம்மி, வாய் ஓயாது. அவர்கள் செய்யும் ரொட்டிக்கு உயிர்நாடி ஒரு கண்ணாடி ஜாடியிலிருந்த புளிமாவு. கடையில் விற்கும் ஈஸ்ட் கிடையாது. தினமும் மாவும் தண்ணீரும் தீனி போட்டுப் பன்னிரண்டு வருஷமாக வளர்த்த மாவு அது. தொட்டிலிலிருந்து பிள்ளையைத் தூக்குவதைப் போல அண்ணி அந்த ஜாடியைப் பையிலிருந்து எடுத்து மேஜையில் வைத்தாள். மாவு ஒரு குமிழி விட்டது. வக்கீலம்மா அதற்கும் ஒரு வணக்கம் வைத்தாள்.

செவ்வாயும் புதனும் அவள் எழுதித் தள்ளினாள். இப்படி ஒரு சந்தோஷமான எழுத்து வேலை அவளுக்கு வாய்த்ததே இல்லை. பேனா தானாக ஓடியது. ஓடாமல் என்ன செய்யும், இருபத்தோரு வருஷப் பழக்கம். சீனியரின் ஆபீஸில் ஒரு முறை உண்டு: எந்தப் பத்திரத்தையும் கடைசிப் பக்கத்திலிருந்து எழுத வேண்டும். எங்கே போய் முடிய வேண்டும் என்பது தெரிந்தால், அங்கிருந்து பின்னோக்கி வந்துவிடலாம். முதல் பக்கத்துக்கு அங்கே யாரும் மெனக்கெட்டதில்லை. இன்ன தேதியில் இவர்களுக்குத் திருமணம் நடந்தது என்று அச்சடித்த தாள் இருக்கும், தேதியை மட்டும் நிரப்பினால் போதும். சேர்த்துவைத்த புண்ணியம் யாரோ செய்தது. மிச்சம்தான் இவர்கள் வேலை.

வியாழக்கிழமை காலை பத்து மணிக்கு அண்ணியும் நாத்தனாரும் வந்து உட்கார்ந்தார்கள். வக்கீலம்மா தொண்டையைக் கனைத்துக்கொண்டு முப்பத்து நாலு பக்கத்தையும் வாசிக்க ஆரம்பித்தாள்.

அடேயப்பா, என்ன ஒரு பத்திரம். பெரிய அடுப்பு முதல் தரப்பினருக்கு. மாவு பிசையும் மெஷின் இரண்டாம் தரப்பினருக்கு. தட்டுகள் நாற்பத்திரண்டு, ஆளுக்கு இருபத்தொன்று, நசுங்கியவை சமமாகப் பகிரப்படும். கடைப் பெயரை இருவரில் யாரும் மூன்று கிலோமீட்டருக்குள் பயன்படுத்தக் கூடாது. வாடிக்கைக்காரர்களில் காலையில் வருகிறவர்கள் ஒருவருக்கு, மாலையில் வருகிறவர்கள் மற்றவருக்கு. ஒருவர் வெளிநாட்டு வேலைக்குப் போனால் என்ன, ஒருவரின் கணவரோ சகோதரரோ கல்லாவில் வந்து உட்கார ஆசைப்பட்டால் என்ன, ஒருவருக்கு முதுகுவலி வந்தால் என்ன, எல்லாவற்றுக்கும் பதில் இருந்தது. இருபத்தேழாம் பக்கத்தில் புளிமாவு வந்தது.

"மாவு யாருடைய பராமரிப்பில் இருக்கிறதோ அவர் அதற்கு வேளை தவறாமல் தீனி போடக் கடமைப்பட்டவர்," என்று கம்பீரமாக வாசித்தாள். "மற்றவர் ஞாயிறுதோறும் காலை பத்து முதல் பன்னிரண்டு வரை மாவை வந்து பார்க்கலாம். வெளியூர் அழைத்துச் செல்வதானால் ஏழு நாள் முன்னறிவிப்புத் தர வேண்டும்."

அண்ணி ஜாடியைத் தன் பக்கம் இழுத்து வைத்துக்கொண்டாள்.

பராமரிப்பு யாருக்கு என்று அண்ணி மெதுவாகக் கேட்டாள். வளர்த்தவருக்கு என்று போட்டிருக்கிறேன் என்றாள் வக்கீலம்மா. அப்படியானால் எனக்குத்தான் என்று அண்ணி தலையாட்டினாள்.

"எப்படி அண்ணி உங்களுக்கு?" என்றாள் நாத்தனார். "நீங்க ஊருக்குப் போனப்ப மூணு வாரம் அதை ஆபீஸுக்குத் தூக்கிட்டுப் போய் வளர்த்தது யாரு? மீட்டிங்குல அது பொங்கி வழிஞ்சு மேனேஜர் பேன்ட்ல ஒட்டுச்சே, திட்டு வாங்குனது யாரு?"

"நீ வளர்த்த லட்சணம் எனக்குத் தெரியாதா? நான் வந்து பார்க்கும்போது சாகக் கிடந்துச்சு. தவிட்டைப் போட்டு உயிர் பிழைக்க வச்சேன்."

அவ்வளவுதான். பன்னிரண்டு வருஷமாகப் போடாத சண்டையெல்லாம் வட்டியோடு வந்து இறங்கியது. குளியலறை வாளியிலிருந்து ஆரம்பித்துச் சலவைக்குப் போய்த் திரும்பாத போர்வை வரை போனார்கள். இதைப் போல ஆயிரம் சண்டை பார்த்த வக்கீலம்மா, கை தானாக ஒரு வெள்ளைத் தாளை எடுத்து நடுவில் கோடு போட்டு இரண்டாகப் பிரித்ததைப் பார்த்துத் தானே திடுக்கிட்டாள். அண்ணி ஜாடியை அணைத்துக்கொண்டு முன்படி வழியாக இறங்கினாள். நாத்தனார் முப்பத்து நாலு பக்கத்தையும் சுருட்டிக்கொண்டு பின்பக்கத்து இரும்புப் படியை நோக்கிப் போனவள், கதவருகே நின்று திரும்பினாள்.

"எல்லாம் எழுதியிருக்கீங்க மேடம். நாங்க சேர்றது எந்தப் பக்கத்துல இருக்கு?"

வக்கீலம்மா மனசுக்குள் பக்கம் பக்கமாகப் புரட்டினாள். எங்கேயும் இல்லை. அவர்கள் சேர்ந்து ரொட்டிக்கடை நடத்தப் போகிறார்கள் என்று ஒரு வரி, ஒரே ஒரு வரி, அவள் எழுதவேயில்லை.

வீட்டுக்காரருக்குப் போன் செய்தாள். அவர் எங்கோ ஒரு லிஃப்ட் குழிக்குள் இருந்தார், குரல் கிணற்றிலிருந்து வந்தது. சேர வந்தவர்களை ஒரே மணி நேரத்தில் பிரித்துவிட்டேன், என் வாழ்க்கையிலேயே இதுதான் வேகம் என்று சொன்னாள். அந்தப் பாவி மனிதர் சிரித்த சிரிப்பு அந்தக் கட்டடத்தின் ஒன்பது மாடிக்கும் கேட்டிருக்கும். அவள் சிரிக்கவில்லை என்று தெரிந்ததும் நிறுத்தினார். ராத்திரிக்கு என்ன சமைக்கட்டும் என்று மட்டும் கேட்டார். இருபத்து நாலு வருஷத்தில் அவர் கற்ற பெரிய வித்தை அது.

அன்று மத்தியானம் அந்த மேஜையிலேயே உட்கார்ந்து சீனியருக்கு ஒரு கடிதம் எழுதினாள். தங்கள் அறையையும் பொறுப்பையும் நன்றியுடன் ஏற்றுக்கொள்கிறேன், மூன்றே வரி. ஒரே மூச்சில் எழுதி முடித்தாள், ஏனென்றால் அது முடிவைப் பற்றிய கடிதம், முடிவு எழுத அவளுக்கு வரும். மடித்துக் கைப்பையில் வைத்தாள். கத்திரி கத்திரிதான். அதைக் கொண்டுபோய் ஊசி வேலை செய்யச் சொன்னால் செய்யுமா?

மறுநாள் காலை ஒன்பது மணிக்கு அறைச் சாவியைத் திருப்பிக் கொடுக்க வந்தாள். முன்படியில் இரண்டு பேர் வழியை அடைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். முழங்கை வரை மைதா, நடுவில் ஜாடி, ஜாடிக்குக் கீழே முப்பத்து நாலு பக்கம். ஏழு மணிக்கே வந்துவிட்டார்களாம். சாவிக்கடைக்காரர் அவர்களுக்கு டீ வாங்கிக் கொடுத்து, ஆளுக்கு ஒரு பூட்டின் வரலாற்றையும் சொல்லி முடித்திருந்தார்.

நடந்தது இதுதான். கோபித்துக்கொண்டு முன்படி வழியாக ஒருத்தியும் பின்படி வழியாக ஒருத்தியும் போனார்களே, போன இடம் ஒன்றுதானே? ஒரே வீடு, ஒரே வாசற்கதவு. சாவி நாத்தனாரிடம், ஜாடி அண்ணியிடம். கதவைத் திறக்க ஒருத்தி, திறக்கும்வரை ஜாடியை வெயிலில் வைக்காமல் புடவைத் தலைப்பால் மூடிப் பிடிக்க ஒருத்தி. உள்ளே போய்ச் சண்டையைத் தொடர்ந்தார்கள். ஒருத்திக்குப் புருஷனும் மற்றவளுக்கு அண்ணனுமான மனிதர் நிலவரத்தைப் பார்த்துவிட்டு, முடிவெட்டிக்கொண்டு வருகிறேன் என்று கிளம்பிப் போய்விட்டார். அவர் தலையில் முடி இல்லாமல் போய் ஒன்பது வருஷம் ஆகிறது.

வாயால் சண்டை போட்டு அலுத்ததும் பத்திரத்தை விரித்து, பக்கம் பக்கமாகப் பென்சிலால் சண்டை போட்டார்கள். அப்போதுதான் விஷயம் வெளியே வந்தது. இவள் என்றைக்காவது வெளிநாட்டு வேலைக்குப் பறந்துவிட்டால் கடை முழுக்கத் தன் தலையில் விழுமே என்று அண்ணிக்கு உள்ளுக்குள் ஒரு பயம். கடை நன்றாக ஓடத் தொடங்கினால் அண்ணன் வந்து கல்லாவில் உட்கார்ந்து நாட்டாமை பண்ணுவானே என்று நாத்தனாருக்கு ஒரு பயம். ஒருத்தியிடம் ஒருத்தி எப்படிச் சொல்வது என்று ஒரு வருஷமாக இரண்டு பேரும் முழுங்கி வைத்திருந்தார்கள். பத்தொன்பதாம் பக்கத்திலும் இருபத்திரண்டாம் பக்கத்திலும் அந்த இரண்டு பயமும் அச்சுப் பிசகாமல் எழுதி, பக்கத்திலேயே வழியும் சொல்லியிருந்தது.

"எங்க மனசுக்குள்ள இருந்தது உங்களுக்கு எப்படித் தெரியும் மேடம்?" என்றாள் அண்ணி. அவள் ஒரே மூச்சில் பேசிய மிக நீளமான வாக்கியம் அதுவாகத்தான் இருக்கும்.

எப்படித் தெரியும் என்றால், அதே பயத்தை முழுங்கி முழுங்கிப் பிரிந்துபோனவர்கள் எத்தனை பேரைச் சீனியரின் ஆபீஸில் தன் மேஜைக்கு எதிரே பார்த்திருக்கிறாள். அவர்களுக்குக் காலம் கடந்து சொன்ன பதிலை இவர்களுக்கு முன்கூட்டியே சொல்லியிருக்கிறாள், அவ்வளவுதான். வக்கீலம்மாவும் அவர்களோடு படியிலேயே உட்கார்ந்துவிட்டாள்.

இதில் ஒரு வரியையும் எடுக்கக் கூடாது, மாவு விஷயத்தை மட்டும் அடித்துவிட்டோம் என்றாள் நாத்தனார். ஏன் என்று கேட்டதற்கு, பைத்தியக்காரியைப் பார்ப்பது போல அவளைப் பார்த்தார்கள். ஒரு கரண்டி மாவை எடுத்து வேறு ஜாடியில் போட்டுத் தீனி போட்டால், நாலு நாளில் அது இன்னொரு முழு மாவு. பழையதில் ஒரு துளியும் குறையாது. நேற்றுக் கோபத்தில் இது இரண்டு பேருக்குமே மறந்துபோய்விட்டதாம்.

பிரித்தால் குறையாத சொத்து. இருபத்தோரு வருஷத்தில் வக்கீலம்மா இப்படி ஒன்றைப் பார்த்ததில்லை. அந்த ஜாடியை வாங்கி வெளிச்சத்தில் பிடித்து, வைரம் பார்ப்பதுபோல நாலு பக்கமும் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"இப்ப அந்த முதல் பக்கத்தை எழுதிடுங்க மேடம்," என்றாள் நாத்தனார். "பத்து மணிக்கு அடுப்பு விக்கிறவர் பத்திரத்தைப் பார்க்க இங்க வரார்."

அடுப்புக்காரர் வந்து, காத்திருந்து, போய்விட்டார். மத்தியானமும் வந்து போய்விட்டது. முப்பத்து நாலு பக்கத்தை இரண்டு நாளில் எழுதியவளுக்கு ஒரு பக்கம் வரவில்லை. இவர்கள் இருவரும் சேர்ந்து தொழில் நடத்த ஒப்புக்கொள்கிறார்கள் என்று எழுதுவாள். உடனே கை தானாக "இருப்பினும்" என்று போடும். அண்ணி பென்சிலை எடுத்து நிதானமாக அதை அடிப்பாள். அடுத்த வாக்கியம், மறுபடியும் ஒரு இருப்பினும். பதினொரு இருப்பினும் வரை எண்ணிய நாத்தனார் அதற்கு மேல் எண்ண முடியாமல் மேஜையில் தலைவைத்துச் சிரித்தாள். வக்கீலம்மா நல்லதாக ஏதாவது சொல்ல வாயெடுக்கும் சமயம் பார்த்துக் கீழே சாவி மெஷின் வீல் என்று கத்தியது. மேஜை முழுக்கக் கசங்கிய தாள். வெள்ளைத் தாள் கட்டு தீர்ந்தே போய்விட்டது.

மூன்றரை மணி இருக்கும். பேனாவை மூடி வைத்துவிட்டு, அவள் தன் தொழிலில் ஒருநாளும் கேட்காத ஒரு கேள்வியைக் கேட்டாள். ஏன் பிரிகிறீர்கள் என்று மூவாயிரம் பேரிடம் கேட்டிருக்கிறாள். இது வேறு.

"ஏன் ரெண்டு பேரும் சேர்ந்து செய்யணும்? தனித்தனியா செஞ்சா என்ன?"

அண்ணி பதில் தேடவேயில்லை. "நான் பிசைவேன், அவ பேசுவா. நான் பேசினா ஒரு ரொட்டி விக்காது. அவ பிசைஞ்சா ஒரு ரொட்டி உப்பாது."

வக்கீலம்மா கைப்பையைத் துழாவி, கையில் அகப்பட்ட ஒரு தாளை எடுத்து, பின்பக்கம் வெறுமையாக இருந்ததைப் பார்த்து எழுதினாள். முதல் தரப்பினர் பிசைவார். இரண்டாம் தரப்பினர் பேசுவார். ஒருவர் வேலையை மற்றவரால் செய்ய முடியாது என்பதை இருவரும் அறிவார்கள், ஆகவே சேர்கிறார்கள். பேனா நின்றது. மூன்று பேரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்த்தார்கள். இருப்பினும் வரவில்லை.

படித்துப் பார்க்கத் தாளைத் தூக்கியபோதுதான் முன்பக்கம் கண்ணில் பட்டது. தங்கள் அறையையும் பொறுப்பையும் நன்றியுடன் ஏற்றுக்கொள்கிறேன். சுவர்க் கடிகாரத்தில் மணி நாலேகால். சிறிது நேரம் அந்தத் தாளை அப்படியும் இப்படியும் திருப்பினாள். ஒரே தாளை இரண்டு பேருக்குக் கொடுக்க முடியாது. பிரித்துப் பிழைத்தவளுக்கு அதுகூடத் தெரியாதா? கையெழுத்துப் போட வேண்டிய இடத்தில் இரண்டு கோடு போட்டு, தாளை அண்ணியின் பக்கம் நகர்த்தினாள்.

கீழே இறங்கிச் சாவிக்கடைக்காரரிடம், மூக்குக்கண்ணாடிக்காரருக்கு வேறு இடம் பார்க்கச் சொல்லுங்கள் என்றாள். அப்படித்தான் நேற்றே சொல்லிவிட்டேன் என்றார் அவர். பூட்டைப் பார்த்தால் மட்டும்தான் அவருக்குத் தெரியுமா என்ன, ஆளைப் பார்த்தாலும் தெரியும்.

சீனியரின் ஆபீஸுக்குப் போய்ச் சேர ஐந்துக்கு எட்டு நிமிஷம். வாசலில் பலகை எழுதுகிறவர் ஏணிமேல் நின்று, அவசரக்காரர், அவள் பெயரைச் சாக்பீஸால் எழுதியே முடித்திருந்தார். உள்ளே சீனியர் அவளை மேலும் கீழும் பார்த்தார். அவள் புடவையில் மைதா இருந்தது. அவள் ஒன்றும் சொல்ல வேண்டியிருக்கவில்லை. வாசல் பக்கம் திரும்பி, அழித்துவிடப்பா என்று குரல் கொடுத்தார். பிறகு ஐந்து நிமிஷம் அவளைப் பிடித்துத் திட்டினார், பத்து நிமிஷம் வாழ்த்தினார், நடுவில் எது எங்கே முடிந்தது என்று அவருக்கே தெரியவில்லை. கையிலிருக்கும் ஒன்பது வழக்கையும் முடித்துக் கொடுத்துவிட்டுத்தான் போவேன் என்று அவள் சொன்னதும் கொஞ்சம் ஆறினார்.

"அப்ப அந்தப் பக்கம் ஆபீஸ் போட்டு எனக்கே எதிர்த்தரப்பா வரப்போறே."

"எனக்கு எதிர்த்தரப்பே கிடையாது சார். வர்ற ரெண்டு பேரும் ஒரே பக்கம்."

சீனியர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டினார். ஐம்பத்திரண்டு வருஷ அனுபவத்தில் அப்படி ஒரு வக்கீல் தொழிலை அவர் கேள்விப்பட்டதில்லை. "எதிர்ல யாருமே இல்லாட்டி யார்மேலம்மா கோவப்படுவே?"

"வீட்டுக்காரர் இருக்காரே சார்."

கிழவர் சிரித்த சிரிப்பில் வெளியே ஏணி ஆடியது. அந்த அறையில் உனக்கு நாற்காலி இருக்கிறதா என்று விசாரித்தார். அப்போதுதான் அவளுக்கே உறைத்தது, இருந்த இரண்டிலும் வந்தவர்களை உட்காரவைத்துவிட்டு, அவள் கவிழ்த்த பெயின்ட் டப்பாவின்மேல் உட்கார்ந்து எழுதியிருக்கிறாள். சீனியர் சுற்றுமுற்றும் பார்த்து, சாட்சிகள் உட்காரும் நாற்காலி ஒன்றைக் காட்டி எடுத்துக்கொண்டு போகச் சொன்னார். தன் நாற்காலியைத் தருவார் என்று எதிர்பார்க்காதே, அது கிடைக்காது என்றும் சேர்த்துச் சொன்னார்.

லிஃப்ட் ஓடவில்லை. அது யார் பராமரிப்பில் இருக்கிறது என்று கேட்காதீர்கள், குடும்ப கௌரவம் இருக்கிறது. நாற்காலியைத் தலைமேல் கவிழ்த்துக்கொண்டு மூன்றாவது மாடியிலிருந்து படியிறங்கினாள். ஒரு மாடி இறங்குவதற்குள் மூச்சு வாங்கியது. படி திரும்பும் இடத்தில் அதைக் கீழே வைத்து, தன் சொந்த நாற்காலியில் முதல்தடவையாகக் கால்மேல் கால் போட்டு உட்கார்ந்தாள். சிரிப்பு வந்தது. அடக்கிப் பார்த்தாள், முடியவில்லை.

கீழேயிருந்து ஒரு ஆணும் ஒரு பெண்ணும் ஏறி வந்தார்கள். ஒரே உயரம், ஒரே மூக்கு, ஒரே கோபம். படிக்கட்டு நடுவில் ஒரு நடுத்தர வயதுப் பெண் நாற்காலி போட்டு உட்கார்ந்து தனியாகச் சிரித்துக்கொண்டிருப்பதைப் பார்த்து இரண்டு பேரும் தயங்கி நின்றார்கள். அந்த ஆள்தான் கேட்டார், வக்கீல் ஆபீஸ் எங்கே என்று.

"பிரியறதுக்குன்னா மேல, மூணாவது மாடி," என்றாள் வக்கீலம்மா. "சேர்றதுக்குன்னா திங்கட்கிழமை காலையில வாங்க. இப்ப நாற்காலிக்கு ஒரு பக்கம் கை குடுத்தீங்கன்னா, இடத்தையும் காட்டிடறேன்."